நமக்கு மீன் பிடிக்கும், மீன் விற்பவர்களை?

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னை மெரினா லூப் சாலையில் மீன் வாங்க வருகிறவர்களைக் கணக்கெடுத்தால், இந்த நகரத்தின் அநேகமாக எல்லாச் சாதியும் அதில் இருக்கும். மயிலாப்பூர், மந்தைவெளியிலிருந்து காரில் வருகிறவர், ராயப்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவர், ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு நான்கு பேராக அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்கள் என எல்லாரும் வரிசையாகக் குனிந்து செவுளைத் தூக்கிப் பார்க்கிறார்கள். சிவப்பாக இருந்தால் சங்கராவோ கொடுவாவோ தராசில் ஏறுகிறது. பக்கத்தில் இருக்கும் சின்னச் சின்னக் கடைகளில் மசாலா தடவிய மீன் தோசைக்கல்லில் பொரிகிறது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தட்டில் சோறும் குழம்பும் வாங்கிச் சாப்பிடுகிறவர்களிடம் யாரும் சாதி கேட்பதில்லை.

இந்தக் காட்சியைக் காட்டி "பார்த்தீர்களா, சோறு சாதியை உடைத்துவிட்டது" என்று சொல்லும் ரீல்ஸ் நாளொன்றுக்குப் பத்து வருகின்றன. சொல்பவர்களின் நல்லெண்ணத்தைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. இங்கே சாதியைக் கடந்திருப்பது மீன் மட்டும்தான். அதைப் பிடித்தவர், ஏலம் எடுத்தவர், தலையில் சுமந்தவர், வெட்டிக் கொடுத்தவர் யாரும் கடக்கவில்லை. வஞ்சிரம் குப்பத்திலிருந்து கிளம்பி அடுக்குமாடிக் குடியிருப்பின் எட்டாவது மாடிக்குப் போய்விடுகிறது. அதை விற்ற பெண் அந்தக் கட்டடத்தின் லிஃப்டில் ஏற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். சாதிச் சமூகத்தில் பண்டம் தீட்டைக் கழுவிக்கொண்டு மேலே போய்விடும். உழைத்தவர் மீதுதான் அது தங்கும்.

வாடை எங்கிருந்து வருகிறது?

2021 டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில் நடந்தது நினைவிருக்கும். மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப அரசுப் பேருந்தில் ஏறிய ஒரு வயதான பெண்ணை, மீன் வாடை அடிக்கிறது என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். பேருந்து நிலையத்தில் நின்று அவர் ஆற்றாமையோடு நியாயம் கேட்ட காணொளியை நாடே பார்த்தது. முதலமைச்சர் கண்டித்தார். ஓட்டுநர், நடத்துநர், நேரக் காப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அத்தோடு நாம் அதை மறந்துபோனோம்.

காணொளி எடுக்கப்பட்டதால் அது செய்தியானது. காணொளி இல்லாமல் இது தினமும் நடக்கிறது. கூடையோடு நிற்கும் பெண்ணைப் பார்த்ததும் பேருந்து நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிற்கும். ஷேர் ஆட்டோவில் இடம் இருந்தாலும் "இல்லை" என்பார்கள். ஏறிவிட்டால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து நிற்பார், அல்லது கைக்குட்டையை மூக்கில் வைப்பார். அதனால்தான் பல ஊர்களில் மீன்காரப் பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து தங்கள் வருமானத்தில் ஒரு பங்கைக் கொடுத்துத் தனியாக வண்டி பிடிக்கிறார்கள். விடியல் பயணம் இலவசமாக இருக்கும்போதும் அவர்கள் காசு கொடுத்துப் போகிறார்கள் என்றால், அது சாதி அவர்கள்மேல் போட்டிருக்கும் வரி.

இங்கே ஒரு கேள்வி. மீன் சந்தைக்குப் போய்விட்டு இரண்டு கிலோ இறாலோடு அதே பேருந்தில் ஏறும் ஒருவரை யாராவது இறக்கிவிட்டிருக்கிறார்களா? பை ஒன்றுதான், மீன் ஒன்றுதான், வாடையும் ஒன்றுதான். வாங்கியவர் பையில் இருந்தால் அது "ஃப்ரெஷ் மீன்". விற்றவர் கூடையில் இருந்தால் அது "நாத்தம்". ஆக, பிரச்சினை மூக்கில் இல்லை. யாரைப் பார்த்தால் மூக்கைப் பொத்த வேண்டும் என்று அந்த மூக்குக்குச் சொல்லிக் கொடுத்த சமூகத்தில் இருக்கிறது.

நாற்றம் என்ற சொல்லே ஒரு காலத்தில் மணத்தைக் குறித்தது. அது கெட்ட வாடையாக இறங்கியது பின்னால். இந்த வாடைப் பேச்சு தமிழுக்குப் புதிதும் இல்லை. நற்றிணையின் 45ஆம் பாட்டில் ஒரு காட்சி வருகிறது. தேரில் வரும் செல்வர் வீட்டுப் பையன் ஒருவன் பரதவர் பெண்ணைத் தேடிக் கடற்கரைக்கு வருகிறான். அவளுடைய தோழி அவனை நிறுத்தி, அவள் யார், அவன் யார் என்று வரிசையாகச் சொல்கிறாள். சுறாவை அறுத்துக் காயப்போட்டுப் பறவைகளை விரட்டும் எங்கள்மேல் மீன் வாடை வீசும், தள்ளியே நில்லும் என்கிறாள். இந்தச் சின்ன வாழ்க்கை எங்களுக்குப் போதும், எங்கள் ஆட்களிலும் தலைமைக்குரியவர்கள் உண்டு என்று முடிக்கிறாள். வாடையைச் சொல்லி அவள் தன்னைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. அவனைத்தான் எட்ட நிறுத்துகிறாள். அந்தத் திமிரைத்தான் குளச்சல் பேருந்து நிலையத்தில் நின்று கேள்வி கேட்ட பெண்ணிடமும் பார்த்தோம்.

'அசைவம்' என்று நமக்கு யார் பெயர் வைத்தது?

இந்திய அரசின் மாதிரிப் பதிவு முறையின் 2014ஆம் ஆண்டு அடிப்படைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் மீன், முட்டை, இறைச்சி சாப்பிடுகிறவர்கள். நூற்றுக்கு 97 பேர் சாப்பிடும் சாப்பாட்டுக்கு இங்கே சொந்தப் பெயர் இல்லை. மீதி மூன்று பேரின் சாப்பாடு 'சைவம்'. நம்முடையது அதன் மறுப்பு, 'அ-சைவம்'. ஒரு சமயத்தின் பெயர் சாப்பாட்டின் பெயராகி, அதுவே ஒழுக்கத்தின் பெயரும் ஆகிவிட்டது. "நாங்க சுத்த சைவம்" என்று சொல்பவர் தம் நாக்கின் விருப்பத்தை மட்டும் சொல்லவில்லை. 'சுத்தம்' என்ற முன்னொட்டில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறார். 'சுத்த அசைவம்' என்று ஒரு பலகையை இதுவரை பார்த்திருக்கிறீர்களா?

இந்தச் சொல் கட்டடமாக எழும்போது என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் உணவுக்கூடம் ஒன்றில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் தனித்தனி வாசல், தனித்தனிக் கை கழுவும் இடம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அங்குள்ள அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தினர் அதை வெளியே கொண்டுவந்த பிறகுதான் அறிவிப்புகள் அகற்றப்பட்டன. 2024 மார்ச்சில் ஸொமேட்டோ நிறுவனம் 'சுத்த சைவ'ப் படை ஒன்றை அறிவித்து, அதன் ஊழியர்களுக்குப் பச்சைச் சட்டையும் மாட்டிவிடப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே பச்சைச் சட்டையைக் கைவிட்டது. ஆனால் தனிப்படையைக் கைவிடவில்லை. சிவப்புச் சட்டைக்காரரைக் குடியிருப்பு வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்ற அச்சத்தில்தான் சட்டை நிறம் மாறியது. அந்த அச்சம் நியாயமானது என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

வாடகை வீடு தேடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. "வெஜிடேரியன் மட்டும்" என்ற பலகை சட்டத்துக்குப் பயந்து எழுதப்பட்ட சாதிப் பலகை. "என்ன ஆளுங்க?" என்று நேரடியாகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் "நான்வெஜ் சமைப்பீங்களா?" என்று கேட்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வீட்டுக்காரர் வார இறுதியில் கடற்கரையோரக் கடையில் நண்டு ரசம் குடிப்பவராகவே இருப்பார். தன் சமையலறையில் குடியிருப்பவர் கருவாடு வறுப்பதுதான் அவருக்குப் பிரச்சினை. வெளியே தின்றால் ருசி, வீட்டுக்குள் வந்தால் தீட்டு!

பெயர்ப் பலகையில் உட்கார்ந்திருக்கும் சாதி

உணவகம் என்ற இடமே நமக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. ரயில் நிலைய உணவகங்களில் பார்ப்பனருக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனி இடம் என்ற நிலை பெரியாரும் நீதிக்கட்சியும் தொடர்ந்து போராடிய பிறகே 1941இல் முடிவுக்கு வந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அகற்றச் சொல்லி மாதக்கணக்கில் மறியல் நடந்தது. நாள்தோறும் தோழர்கள் போய் நின்றார்கள், கைதானார்கள். ஒரு கடைப் பலகையில் இருக்கும் ஒற்றைச் சொல்லுக்கு இவ்வளவா என்று அன்றும் கேட்டார்கள். ஒருவர் தம்மைப் 'பிராமணாள்' என்று எழுதி மாட்டும்போது வாசலில் நிற்கும் மற்ற எல்லாரையும் அவர் 'சூத்திரர்' என்று எழுதுகிறார். பெரியார் அதைப் புரியவைத்தார்.

இன்று நெடுஞ்சாலையில் போகும்போது பலகைகளை வாசித்துக்கொண்டே போங்கள். செட்டியார் மெஸ், நாடார் மெஸ், ரெட்டியார் மெஸ், கவுண்டர் மெஸ், தேவர் ஓட்டல். மட்டன் சுக்காவும் அயிரை மீன் குழம்பும் மணக்க மணக்கச் சாப்பிட்டுவிட்டு வருகிறோம். 'பிராமணாள்' பலகை இறங்கிய இடத்தில் வேறு சாதிகளின் பலகைகள் ஏறிவிட்டன. இது கைமணத்தின் அடையாளம், வட்டார ருசியின் அடையாளம் என்று சமாதானம் சொல்வார்கள். வட்டார ருசி என்றால் ஊரின் பெயரை வைக்கலாமே! மதுரைப் பக்கம் வடக்கம்பட்டியிலிருந்து கிளம்பி ஊர் ஊராகப் பரவிய முனியாண்டி விலாஸ் தம் குலசாமியின் பெயரைத்தான் வைத்துக்கொண்டது. அதனால் அங்கே சால்னா ருசி குறைந்துவிடவில்லை.

சாதிப் பெயர் ருசிக்காகத்தான் என்றால், மீன் சமையலைப் பிறப்பிலிருந்தே அறிந்த பட்டினவர், பரவர், முக்குவர் பெயரில் எத்தனை 'மெஸ்' இருக்கின்றன? பறையர் மெஸ், அருந்ததியர் மெஸ் என்று பலகை மாட்டினால் நெடுஞ்சாலையில் கார்கள் நிற்குமா? எந்தச் சாதிப் பெயர் வாடிக்கையாளரை வரவழைக்கும், எது விரட்டும் என்று கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். ஆக அந்தப் பலகை சொல்வது இதுதான்: "இங்கே சமைக்கும் கை யாருடையது என்று கவலைப்படாமல் உட்காரலாம்." பார்ப்பன உணவகம் சொன்னதும் இதைத்தான். படிநிலையில் தங்களுக்கு மேலே இருப்பவரைப் பார்த்துக் கோபப்பட்டவர்கள், கீழே இருப்பவருக்கு அதையே செய்யும்போது அதற்குப் 'பாரம்பரியம்' என்று பெயர்.

கடற்கரை யாருக்கு?

மீண்டும் சென்னைக் கடற்கரைக்கு வருவோம். மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று சொல்லி 1985இல் எம்.ஜி.ஆர். அரசு கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்த முனைந்தது. எதிர்த்து நின்ற குப்பத்து மக்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. மீனவர்கள் செத்தார்கள். காலையில் நடைப்பயிற்சி போகிறவர்களின் கண்ணுக்குக் கட்டுமரம் அசிங்கமாகத் தெரிந்தது என்பதற்காகச் சிந்திய இரத்தம் அது.

2017 ஜனவரி 23. சல்லிக்கட்டுப் போராட்டத்தின் கடைசி நாள். காவல்துறை விரட்டியடித்த மாணவர்கள் ஓடிவந்து நுழைந்தது குப்பங்களுக்குள்தான். கடல் பக்கமிருந்து தண்ணீரும் சாப்பாடும் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் அந்த மக்கள். அன்று நடுக்குப்பம் மீன் சந்தை எரிந்து சாம்பலானது. போலீஸ்தான் எரித்தது என்று அங்கே கடை வைத்திருந்த பெண்கள் அழுதுகொண்டே சொன்னார்கள். 'தமிழர் பண்பாட்டு மீட்பு' என்று கொண்டாடப்பட்ட போராட்டத்துக்கு மிகப் பெரிய விலை கொடுத்தவர்களில் மீன்காரப் பெண்களும் உண்டு. வெற்றிக் கொண்டாட்டங்களில் அவர்களை நினைத்தவர்கள் குறைவு.

2023 ஏப்ரலில் லூப் சாலையில் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்றத் தொடங்கியது. மக்கள் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். சாலை வந்து குப்பத்துக்குள் நுழைந்ததா, குப்பம் சாலைக்குள் நுழைந்ததா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. மீனவர்கள் படகு நிறுத்தி வலை உலர்த்திய மண்மீதுதான் அந்தத் தார் போடப்பட்டது. பிறகு 2024 ஆகஸ்டில் 366 கடைகளோடு நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. கூரை, தண்ணீர், வண்டி நிறுத்த இடம் எல்லாம் வந்தது நல்லதே. ஆண்டாண்டாக வெயிலில் உட்கார்ந்த பெண்களுக்கு நிழல் கிடைத்ததை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் நிழல் கேட்டபோது கிடைக்கவில்லை. கார்களுக்கு வழி வேண்டும் என்றபோது கிடைத்தது. இந்த வரிசையைக் கவனியுங்கள். மீன்காரப் பெண்களின் கழிப்பறைத் தேவை பல பத்தாண்டுகளாக அவசரம் இல்லாமல் காத்திருந்தது. காரில் போகிறவரின் பத்து நிமிடத் தாமதம் நீதிமன்றம் வரை போனது. அங்காடிக்குள் கடை கிடைத்தவர் உண்டு. தலையில் அன்னக்கூடையோடு தெருத்தெருவாகப் போகிறவர், கூலிக்கு மீன் வெட்டுகிறவர், நடைபாதையில் கல்லை வைத்து வறுத்துக் கொடுக்கிறவர் இவர்களெல்லாம் எந்தப் பட்டியலில் வருகிறார்கள்? 'அழகு', 'தூய்மை', 'நவீனம்' என்ற சொற்கள் வரும்போதெல்லாம் அந்த இடத்திலிருந்து யார் வெளியே போகப்போகிறார்கள் என்று கேட்பது நம் வேலை. கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் நிரம்பியது இப்படித்தான். அங்கே அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மீனுக்குள்ளும் ஒரு படிநிலை

இவ்வளவும் சொன்ன பிறகு, நமக்குள்ளேயே பேச வேண்டிய ஒன்றும் இருக்கிறது. மீன் தின்பது சாதி ஒழிப்பு ஆகிவிடாது. மீனவர்கள் ஒடுக்கப்படுகிறார்கள் என்பதால் மீனவக் கிராமங்களில் சாதி இல்லை என்றும் ஆகிவிடாது.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் மாவட்ட நிவாரண முகாம்களில் தலித்துகளுக்கு இடமும் தண்ணீரும் பொருளும் மறுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. படகு இழந்தவருக்கு இழப்பீடு உண்டு. அந்தப் படகு கொண்டுவந்த மீனைச் சுமந்து விற்றவருக்கும், கடலோர வயலில் கூலி வேலை செய்தவருக்கும் இழந்ததாகக் காட்டப் பொருள் எதுவும் இல்லை. அதனால் பல தலித் குடும்பங்கள் பாதிக்கப்பட்டோர் பட்டியலிலேயே வரவில்லை. கடல் எல்லாரையும் ஒன்றாக அடித்தது. கரை பிரித்துப் பார்த்தது. பல கடலோர ஊர்களில் கடலுக்குள் போகும் உரிமையும் ஏலக்கூடத்தில் நிற்கும் உரிமையும் இன்றைக்கும் பிறப்பால்தான் தீர்மானிக்கப்படுகின்றன. தன்னை 'நாத்தம்' என்று ஒருவன் சொல்லும்போது வலிக்கிறது என்றால், தன் ஊர்க் காலனியைப் பார்த்துத் தான் சொல்வதும் அதே வலியைத்தான் தரும். இதை மீனவ இளைஞர்கள்தாம் முதலில் எடுத்துப் பேச வேண்டும். பேசுகிறவர்களோடு நாம் நிற்க வேண்டும்.

சாப்பாட்டு மேசையிலும் இந்தப் படிநிலை இருக்கிறது. வஞ்சிரம், வவ்வால், இறால் ஆகியவை உணவகத்தின் மெனு அட்டைக்குப் போகின்றன. மத்தி, கவலை, காரப்பொடி ஆகியவை உழைக்கும் மக்களின் சட்டிக்கு வருகின்றன. இப்போது அவையும் முழுதாக வருவதில்லை. ஒரு பங்கு மீன்தூள் ஆலைகளுக்குப் போய்க் கோழித் தீவனமாகிறது. கடலிலிருந்து தூரத்தில் இருக்கும் சேரிகளுக்கும் ஏழைத் தெருக்களுக்கும் மீன் என்றால் அது கருவாடுதான். வாரச் சந்தையில் வாங்கி வந்து, கத்தரிக்காயோடு குழம்பு வைத்து, மூன்று நாளைக்கு வைத்துச் சாப்பிடும் புரதம். அந்தக் கருவாட்டை அடுக்குமாடிக் குடியிருப்பில் வறுத்தால் வாட்ஸ்அப் குழுவில் புகார் வருகிறது. நட்சத்திர ஓட்டலில் சின்னக் கிண்ணத்தில் 'கருவாட்டுத் தொக்கு' என்று வைத்தால் படம் எடுத்துப் போடுகிறார்கள்.

மெனு அட்டையில் எது இல்லை என்றும் பாருங்கள். ஆடு, கோழி, காடை, மீன், நண்டு எல்லாம் இருக்கும். மாட்டிறைச்சி இருக்காது. கேட்டால் "நம்ம கடை அப்படிப்பட்ட கடை இல்லை" என்பார்கள். அம்பேத்கர் 1948இல் எழுதிய 'தீண்டப்படாதவர்கள்' நூலில் தீண்டாமையின் தோற்றத்தை மாட்டிறைச்சியோடு இணைத்து விளக்கினார். சைவத்துக்கும் அசைவத்துக்கும் இடையில் ஒரு கோடு என்றால், மாடு தின்பவருக்கும் தின்னாதவருக்கும் இடையில் போடப்பட்டது இன்னும் ஆழமான கோடு என்பது அவருடைய வாதம். மீன் குழம்பு முதல் கோட்டைத் தாண்ட உதவுகிறது. இரண்டாவது கோடு அப்படியே இருக்கிறது. "நாங்களும் நான்வெஜ்தான் சார்" என்ற முற்போக்கு அந்தக் கோட்டின் முன்னால் வந்து நின்றுவிடுகிறது.

அப்படியானால் என்ன செய்வது?

மீன் சாப்பிடாதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொள்ளுங்கள். ஆனால் சாப்பிடுகிறவர்களுக்குச் செய்ய வேண்டிய சில காரியங்கள் இருக்கின்றன. எதற்கும் பெரிய புரட்சி தேவையில்லை.

செயலியில் கொடுக்கும் விலைக்கு மறுபேச்சு பேசாமல் கூடைக்காரப் பெண்ணிடம் இருபது ரூபாய்க்குப் பேரம் பேசுவதை நிறுத்துங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. அந்த நாட்களில் குடும்பத்துக்கு அரசு கொடுக்கும் நிவாரணம் 8,000 ரூபாய், அதாவது ஒரு நாளைக்குச் சுமார் 131 ரூபாய்தான் கிடைக்கும். "மீன் விலை ஏறிப்போச்சு" என்று சலித்துக்கொள்ளும் முன் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

பேருந்திலோ ரயிலிலோ கூடையோடு ஒரு பெண் ஏறும்போது பக்கத்து இடம் காலியாக இருந்தால் "உட்காருங்கம்மா" என்று சொல்லுங்கள். அவரை இறக்கிவிடப் பார்த்தால் எழுந்து கேளுங்கள். குளச்சலில் அந்தப் பெண் தனியாக நின்று கத்த வேண்டியிருந்தது. அந்தப் பேருந்தில் பத்துப் பேர் எழுந்திருந்தால் அது செய்தியாகவே ஆகியிருக்காது.

வாடகை வீட்டுப் பலகையில் 'வெஜ் மட்டும்' என்று இருந்தால், அந்த வீடு உங்களுக்குக் கிடைக்கக்கூடிய சாதியில் நீங்கள் பிறந்திருந்தால், அதை வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏன் வேண்டாம் என்றும் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். அலுவலக உணவறையில் மீன் டப்பாவைத் திறப்பவர் மூலையில் போய் உட்கார வேண்டிய நிலை இருந்தால் அவரோடு போய் உட்காருங்கள். சாதிப் பெயர் வைத்த மெஸ்ஸில் சாப்பிட்டால், கல்லாவில் இருப்பவரிடம் "அண்ணே, ஊர் பெயரை வைக்கலாமே" என்று சொல்லிவிட்டு வாருங்கள். நூறு பேர் சொன்னால் அவர் கணக்குப் போடத் தொடங்குவார். விமர்சனம் எழுதும் இடங்களில் ருசிக்கு நட்சத்திரம் போடும் விரல், பலகைக்கும் ஒரு வரி எழுதலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கடற்கரையில் அடுத்த தடவை பொக்லைன் வந்து நிற்கும்போது நாம் எங்கே நிற்கப்போகிறோம் என்பதை இப்போதே முடிவு செய்துகொள்வோம். அது வரும். நடைபாதை, வேலி, நீலக்கொடி, மேம்பாலம் என்று ஏதாவது ஒரு பெயரில் வரும். குப்பத்துக் கடையில் மீன் வறுவலைப் படம் எடுத்துப் போட்ட ஆயிரக்கணக்கானவர்களில் நூறு பேர் அன்று காலை அங்கே போய் நின்றால் போதும், மீனோடு மீனவரையும் நமக்குப் பிடிக்கும் என்று அவர்கள் நம்புவார்கள்.